ஒத்தக்கையனுக்குக் கண் வரைந்தார்கள்

பம்பாய்
8-7-1979

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வேலுமணி எழுதுவது. சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக் கொடுத்த கச்சாயம் குண்டக்கல் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. நான் தின்றது இரண்டுதான். எதிர் இருக்கையில் இருந்த குடும்பம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. அந்த அம்மாள் உங்கள் விலாசம் கேட்டாள், நான் கொடுக்கவில்லை.

இங்கே ஓயாத மழை. சுவரெல்லாம் ஓதம் ஏறி, துவைத்த சட்டை மூன்று நாளாகியும் காயவில்லை. சங்ககிரியில் சின்னண்ணனின் லாரிப் பட்டறைத் தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டு, 'பம்பாய் மழை இங்கே கொஞ்சம் பெய்யக் கூடாதா' என்று புலம்பினேனே, இப்போது அந்த வெயிலுக்கு ஏங்கிக் கிடக்கிறேன். மனிதனுக்கு எதுவும் இருக்கிற இடத்தில் பிடிப்பதில்லை.

லீவில் என்ன செய்தாய் என்று எங்கள் பிரிவுத் தலைவர் கேட்டார். கிணற்றுக்குள் இறங்க ஓர் இயந்திரம் செய்தேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். எங்கள் பக்கம் கிணறு வெட்டுவது என்றால் பாறையை உடைப்பது. பாறையில் துளை போட்டு, மருந்து அடைத்து, திரி வைத்துக் கொளுத்திவிட்டு மேலே ஓடி வந்துவிடுவார்கள். எல்லாத் துளையும் வெடித்தால் நல்லது. ஒன்று வெடிக்காமல் நின்றுபோனால் யாராவது இறங்கிப் பார்க்க வேண்டும். யார் இறங்குவது என்பதில் பேச்சே கிடையாது, திரி வைத்தவன்தான் இறங்குவான். இன்னொருத்தனை இறக்கிவிட்டால் அவனை ஒருவரும் மனிதனாக மதிக்க மாட்டார்கள். போன தை மாதம் தங்கசாமி என்று ஒருவர் அப்படி இறங்கித்தான் செத்தார், என் அக்கா புருசனும் அதே வேலைதான் செய்கிறார் என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, 'அதுவும் நம்முடைய தொழில்தான்' என்றார்.

உண்மைதான் அக்கா. இங்கே நாங்கள் செய்வதும் அதுதான். கெட்டியான கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஓர் அறை. அதற்குள் மனிதன் போகக் கூடாது, போனால் கண்ணுக்குத் தெரியாத விஷம் ஆளைத் தின்றுவிடும். நாங்கள் இந்தப் பக்கம் கைப்பிடியை அசைத்தால் அந்தப் பக்கம் இரும்புக் கை அதே மாதிரி அசையும். எட்டு வருசமாக அந்தக் கையின் மணிக்கட்டு ஒன்றையே வரைந்து கொண்டிருக்கிறேன். சங்ககிரியில் ஒரு கோடைக்குள் முழு ஆளையும் செய்து முடித்துவிட்டோம்! வைப்பர் மோட்டார், பழைய ஜாக்கி, டிராக்டர் பேட்டரி. இங்கே சொன்னால் நம்ப மாட்டார்கள்.

பெயின்டர் சென்றாயன் கண் வரைந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. லாரிக்கு எழுதி மீந்த பெயின்ட்டோடு வந்து நின்று, "கண்ணில்லாம எப்பிடீங்க கெணத்துக்குள்ள எறங்குவான்?" என்றான். அதற்குக் கண் தேவையே இல்லை, மேலே நிற்கிறவன்தான் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து இயக்குகிறான் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. கடைசியில் நானே, வரைகிறதுதான் வரைகிறாய், புருவத்தைத் தடிப்பாகப் போடு என்றேன். மச்சான் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதென்ன மாப்ளே, ஒத்தக்கையனாட்ட இருக்குது" என்றார். அதோடு பேரும் வந்துவிட்டது.

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்க வேண்டாம். ஒத்தக்கையன் இறங்கி, நின்றுபோன துளையின் வாயில் புது வெடித் தோட்டாவை வைத்துவிட்டு மேலே வந்த பிறகுதான், அதை வெடிக்க வைக்கும் பொத்தானை மச்சான் அழுத்த வேண்டும். மச்சானிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு வேலைக்கு அனுப்புங்கள்.

தம்பி,
வேலுமணி


கல்லாங்காட்டுவலசு
14-10-1979

அன்புள்ள தம்பி வேலுமணிக்கு,

உன் அக்கா சௌந்திரம் எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சுகம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா அல்லது அந்த இரும்புக் கை ஊட்டிவிடட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாயா?

உன் மச்சான் முதலில் எப்படி முரண்டு பிடித்தார் என்பது உனக்கே தெரியும். நீ ரயில் ஏறிய பிறகு இன்னும் மோசம். "நான் வெச்ச திரிக்கு இரும்ப எறக்கிவிட்டா, ஊர்ல எவன் என்னய மேஸ்திரீன்னு கூப்பிடுவான்?" என்று ஒரு மாதம் அதைச் சாக்குப் போட்டு மூடியே வைத்திருந்தார். ஆவணியில் ஒரு துளை நின்றுபோனது. அன்றைக்குப் பார்த்துத் திரி வைத்தவன் ஆண்டி. அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போயிருக்கிறான். உன் மச்சானுக்கு என்ன தோன்றியதோ, "இர்றா" என்று சொல்லிவிட்டுச் சாக்கை எடுத்திருக்கிறார்.

நான் அன்று அங்கே இல்லை. ஆண்டியின் பெண்சாதி பொன்னாயி ஓடி வந்து சொன்னாள். ஒத்தக்கையன் ஆடி ஆடி இறங்கினானாம், தோட்டாவை வைத்தானாம், திரும்பி வந்தானாம். பொத்தானை அழுத்தினதும் கிணறே குலுங்கிற்றாம். அவள் கண் பட்டுவிடக் கூடாதென்று ஒத்தக்கையனுக்கு நாவு சுற்றிப் போட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறாள். ஆள் ஊடு திரும்பினதே போதும் என்று நானும் அவளும் வாசலில் உட்கார்ந்து அழுதோம். சந்தோசத்தில் அழுதால் தலை வலிக்காது என்பார்களே, பொய், நன்றாக வலித்தது.

அதற்குப் பிறகு ஒத்தக்கையனுக்கு வந்த வாழ்வைப் பார்க்க நீ இல்லையே! ஆயுத பூசைக்குக் கம்ப்ரஸருக்குப் பொட்டு வைத்தார்கள், கடப்பாரைக்கு வைத்தார்கள். இவனுக்கு மட்டும் மாலை, தோளில் ஒரு துண்டு. வண்டியில் போகும்போது மேஸ்திரிக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம். மழை வந்தால் ஆளுங்கள் நனைகிறார்கள், அவனுக்குத் தார்ப்பாய். சோறு தின்னும்போது ஆண்டி முதல் உருண்டையை அவன் பக்கம் வைத்துவிட்டு, "சாப்புடுங்க" என்று சொல்லி, பிறகு தானே எடுத்துத் தின்கிறான். உன் மச்சான் இதையெல்லாம் கண்டிக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் சாயங்காலம் அவன் விரல் இடுக்கில் இருக்கும் மண்ணைத் துடைப்பது யார் என்று நினைக்கிறாய்? எண்ணெய்த் துணியும் கையுமாக அவரேதான்.

சின்னண்ணன் பட்டறைக்கு உனக்கு மத்தியானச் சோறு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேனே, நீயும் மச்சானும் லாரிப் பலகையில் உட்கார்ந்து ஒரே சட்டியில் கை வைத்துத் தின்பீர்களே, அது ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. அதற்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
சௌந்திரம்


பம்பாய்
20-1-1980

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலுக்கு வர லீவு கிடைக்கவில்லை. இங்கே புதுக் கை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். எவ்வளவு அழுத்தமாகப் பிடிப்பது என்று அதற்குத் தெரியவில்லை. முட்டையை எடுக்கச் சொல்லிப் பழக்குகிறோம். தினம் உடைந்துபோகிறது. நாமக்கல்லில் ஊருக்கு ஊர் கோழிப்பண்ணை வந்துவிட்டதாகச் சொன்னீர்களே, ஒரு லாரி லோடு அனுப்பினால் எங்களுக்குக் கட்டுப்படியாகும்.

உங்கள் கடிதத்தை இங்கே இருக்கும் தமிழ் நண்பர்களுக்குப் படித்துக் காட்டினேன். சோற்று உருண்டைக் கட்டத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் வரைந்த எதற்கும் இதுவரை யாரும் துண்டு போர்த்தியது கிடையாது.

சாயங்காலம் கடல் பக்கம் நடக்கும்போது சங்ககிரி நினைவுதான். வேலை முடிந்து முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் கோட்டை மலை மேல் வெயில் சிவந்து கிடக்கும். வரிசையாக நிற்கிற லாரிகளில் யாராவது சமைத்துக்கொண்டிருப்பார்கள். மச்சான் ஒரு பீடியைப் பற்றவைத்து, எனக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத் தானே குடிப்பார். அந்தப் பீடியை இன்னும் கேட்டு வாங்கவில்லை, அடுத்த தடவை வரும்போது கேட்பேன்.

தம்பி,
வேலுமணி


சேலம், அஸ்தம்பட்டி
2-5-1980

தம்பிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். மச்சான் உயிருக்குப் பயமில்லை, அதை முதலில் எழுதிவிடுகிறேன். அஸ்தம்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. இடது காது இனிக் கேட்காது என்கிறார் டாக்டர். முதுகெல்லாம் கல் அடித்த காயம். குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள். படுத்துக்கொண்டே என்னை அதிகாரம் பண்ணுகிறார், அதனால் பிழைத்துக்கொள்வார்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு துளை நின்றுபோயிற்று. வழக்கம்போல ஒத்தக்கையனை இறக்கினார்கள். அடியில் ஒரு பெரிய பலகைக்கல் சாய்ந்து கிடந்திருக்கிறது. அதற்குள் அவன் கை போய் மாட்டிக்கொண்டது. மேலேயிருந்து இழுத்தார்கள், வரவில்லை. ஆண்டி, "பலமா ஒரு இழுப்பு இழுத்தா வந்துருமுங்க" என்றான். உன் மச்சான், "கை ஒடிஞ்சு போயிருமடா" என்றார். மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார்கள். பேட்டரி தீர்ந்து மோட்டார் நின்றுபோனது. விளக்கும் அணைந்துபோனது.

அப்புறம் யாரையும் கேட்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஆண்டி கத்தியிருக்கிறான். கேட்கவில்லை. அடியில் போய்க் கல்லை நெம்பி அவன் கையை விடுவித்து, கயிற்றில் கட்டிவிட்டு, மேலே பார்த்து என்ன சொன்னார் தெரியுமா? "மொதல்ல அவன ஒசக்க ஏத்துங்கடா." அவர்களும் ஏற்றினார்கள். அவனை மேலே எடுத்து, கட்டை அவிழ்த்து, ஓரமாக உட்கார வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கயிற்றை இவருக்கு இறக்கியிருக்கிறார்கள். இவர் பாதிக் கிணறு ஏறி வரும்போது அந்தத் துளை வெடித்தது.

தம்பி, கண் விழித்ததும் என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "அவனுக்கு ஒண்ணும் ஆகலீல்ல?" வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

சௌந்திரம்


பம்பாய்
11-5-1980

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இரும்பைக் காப்பாற்றப் போய் ஒரு மனிதன் சாகக் கிடந்திருக்கிறார். அது அங்கேயே கிடந்திருக்க வேண்டும். நொறுங்கியிருக்க வேண்டும். அதற்காகத்தான் அதைச் செய்தேன், சாவதற்காகத்தான் செய்தேன். மச்சானுக்குப் பதிலாக அது சாக வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. இதை ஒரு சின்னப் பிள்ளையிடம் சொன்னால்கூடப் புரியுமே. மேஸ்திரி என்று ஊரே கூப்பிடுகிற மனிதருக்கு இது புரியாமல் போயிற்றா? அதற்கு மாலை போட்டவர்களும் துண்டு போர்த்தியவர்களும் சேர்ந்து அவரைக் கிணற்றில் தள்ளியிருக்கிறீர்கள்.

சின்னண்ணனிடம் சொல்லி அதை எடைக்குப் போடச் சொல்லுங்கள். இந்த மாதம் எனக்கு லீவு கிடையாது.

வேலுமணி


கல்லாங்காட்டுவலசு
20-5-1980

வேலுமணிக்கு,

மச்சானை ஊட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். "மாப்ள என்ன எழுதியிருக்குது?" என்று கேட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருக்கிறான் என்று பொய் சொன்னேன். உனக்காகப் பொய் சொல்வது இதுதான் கடைசி.

அவருக்குப் புரியாமல் இல்லை. அது இரும்பு என்று அவருக்குத் தெரியும். அந்த இரும்பில் உன் கை பட்டிருக்கிறது என்பதும் தெரியும். உன்னோடு கூட உட்கார்ந்து அவர் செய்த ஒரே காரியம் அதுதான். அதைக் கல்லுக்கடியில் விட்டுவிட்டு வந்து உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தாராம். இதை என்னிடம் சொல்லிவிட்டு, உன்னிடம் சொல்லக் கூடாது என்றார். நான் சொல்கிறேன்.

சென்றாயன் கண் வரைந்தபோது புருவத்தைத் தடிப்பாகப் போடச் சொன்னது யார்? முகம் வைத்து அனுப்பியது நீ. முகமிருக்கிற ஒருத்தனை இருட்டில் விட்டுவிட்டு வர உன் மச்சானால் முடியாது. முடிகிற ஆளாக இருந்திருந்தால் நீ அவருக்கு ஒன்றும் செய்து தந்திருக்கவே வேண்டாம், எவனையாவது இறக்கிவிட்டு எப்போதோ பிழைத்திருப்பார்.

வர வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

சௌந்திரம்


பம்பாய்
15-11-1981

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஒன்றரை வருசம் கேட்டுக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க இப்போது எழுதவில்லை, கேட்டால் இன்னும் நாலு திட்டு விழும். ஒரு வேலை சொல்ல எழுதுகிறேன்.

சின்னண்ணன் விவரமெல்லாம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். மச்சான் நொண்டிக்கொண்டே மறுபடியும் வேலைக்குப் போவதும், ஒத்தக்கையனைப் பட்டறையில் போட்டுப் பூட்டிவிட்டு, துளை நின்றுபோனால் பழையபடி தானே இறங்குவதும் எனக்குத் தெரியும். அதை அவர் எழுதிய கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதம் இங்கே ஒன்று நடந்தது. எட்டு வருசமும் அதற்கு மேலும் நாங்கள் உழைத்த கை, அந்தக் கண்ணாடிக்கு அப்பால், இணைப்பு கழன்று கீழே விழுந்துவிட்டது. எடுக்க வழியில்லை. கதவைச் சாத்திவிட்டோம். எல்லாரும் டீ குடிக்கப் போனோம். யாரோ கிரிக்கெட் பற்றிப் பேசினார்கள். பாதி டீயில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கே எவருக்கும் அந்தக் கையைப் போய் எடுக்கலாம் என்ற நினைப்பே வரவில்லையே! என் மணிக்கட்டு, நான் வரைந்தது, எனக்கே வரவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அதை யாரும் தொட்டது கிடையாது. அதற்குப் பேர் கிடையாது, ஒரு நம்பர்தான். அதே மாதிரி இன்னும் நாலு ஸ்டோரில் கிடக்கிறது.

அதனால் ஒரு படம் வரைந்து சின்னண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு தகரப் பெட்டி, நாலு கால், ஒரு தண்டு, நுனியில் ஒரு கொக்கி. கை கிடையாது, விரல் கிடையாது. ஒரே அச்சாக மூன்று செய்ய வேண்டும். பெயின்ட் கூடாது. சென்றாயனைப் பட்டறைப் பக்கமே விடக் கூடாது. பேர் வைக்கக் கூடாது, பொட்டு கூடாது, வண்டியில் காலுக்கடியில்தான் போட வேண்டும். மூன்றையும் மாற்றி மாற்றி இறக்குங்கள், எது எது என்று ஒருவருக்கும் அடையாளம் தெரியக் கூடாது. ஒன்று செய்தால் பிள்ளை ஆகிவிடுகிறது அக்கா. மூன்று செய்தால் சாமான்.

மோட்டார் மூன்றுக்கும் வேறு வழியில்லை. ஒத்தக்கையனைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று. அந்தக் கோடை மாதிரி ஒன்று எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பட்டறைத் தகரத்தின் சூடுகூட இன்னும் முதுகில் இருக்கிறது. மச்சான் ஸ்பானரை எடுத்துக் கொடுக்க, நான் முடுக்க, நீங்கள் சோற்றுச் சட்டியோடு வந்து நின்று, "ரெண்டு பேரும் கையக் களுவுங்க மொதல்ல" என்று அதட்ட, நான் சிரிக்க. அதையெல்லாம் கழற்றச் சொல்வது போலத்தான் இருக்கிறது. இருந்தாலும் கழற்றச் சொல்லுங்கள்.

தம்பி,
வேலுமணி


கல்லாங்காட்டுவலசு
24-1-1982

தம்பி வேலுமணிக்கு,

உன் கடிதத்தை மச்சானின் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து முழுதும் படித்தேன். ஒன்றையும் விடவில்லை. கேட்டுவிட்டு நொண்டிக் காலை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு, "களட்டச் சொல்லு. நான் வல்ல" என்றார்.

பொங்கல் கழிந்து நான்தான் சங்ககிரி போனேன். சின்னண்ணன் ஒத்தக்கையனைக் குப்புறப் போட்டுக் கழற்றினான். முகம் தெரிந்தால் கை வர மாட்டேன் என்கிறது என்றான். பட்டறைக் கதவைச் சாத்தி வைத்திருந்தோம். வெளியே சென்றாயன் பிரஷ்ஷோடு நின்று, "ஒரு கோடாச்சும் போட உடுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். கண் வரைந்த தகரத்தை என்ன செய்வது என்று சின்னண்ணன் கேட்டான். உருக்கிவிடச் சொன்னேன். நானா இப்படிச் சொன்னேன் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கே ஆச்சரியம்.

மூன்று பொட்டியும் வந்துவிட்டது. கண்றாவியாக இருக்கிறது. மண்ணெண்ணெய் டின் மாதிரி இருக்கிறது என்று பொன்னாயி சொல்கிறாள். ஆண்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து பீடி குடிக்கிறான். அதைப் பார்த்துத் திட்டப் போய், உன் பேச்சு ஞாபகம் வந்து, "நல்லா உக்காரு" என்றேன். ஆனால் பொட்டியை நம்பி மச்சான் சும்மா இருப்பார் என்று எனக்கு நிச்சயமில்லை. அது மாட்டிக்கொள்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

நீயும் நானும் மச்சானும் ஒன்றாகச் சிரித்த நாட்கள் எனக்கும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. சோற்றைக் கொடுத்துவிட்டு உடனே பஸ் ஏறலாம்தான். வேண்டுமென்றே அடுத்த பஸ் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பேன், உனக்குத் தெரியாது.

சௌந்திரம்


சேந்தமங்கலம்
19-8-1983

அன்புள்ள தம்பிக்கு,

உன் மச்சான் இங்கே கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு தோட்டத்துக் கிணறு எடுத்திருக்கிறார். ஆட்களுக்குச் சமைத்துப் போட நானும் வந்தேன். நேற்று ஒன்று நடந்தது. மனசு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

ஒரு துளை நின்றுபோயிற்று. பொட்டியை இறக்கினார்கள். நான் சோற்றுக் கூடையோடு அப்போதுதான் போய்ச் சேர்ந்தேன். அடியில் பாறை வெடிப்புக்குள் பொட்டியின் கால் சிக்கிக்கொண்டது. இழுத்தார்கள், வரவில்லை. ஆட்டினார்கள், வரவில்லை. ஆண்டி மெதுவாக, "மேஸ்திரி, என்னுங்க பண்ணட்டும்?" என்றான்.

உன் மச்சான் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையில் போட்டார். கிணற்றில் இறங்குவதற்கு முன்னால் அவர் செய்வது அது. "ஏனுங்க" என்றேன். நான் நின்ற பக்கம் அவருடைய கேட்காத காது.

விளிம்பில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அது எதுடா?" என்று கேட்டார்.

ஆண்டிக்குப் புரியவில்லை. "எதுங்க?"

"மூணுல எது? மொதல்ல மொதல்ல எறக்குனமே, அதா? போன மாசம் கால் வளைஞ்சுதே, அதா?"

ஆண்டி மற்ற இரண்டையும் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தான். "தெரீலீங்க. எல்லாம் ஒண்ணாட்டவேதானுங்க இருக்குது."

தம்பி, அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். அப்புறம் கையை ஊன்றி எழுந்து, துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கயித்த அறுத்துடு. இன்னொண்ண எறக்கு" என்றார்.

அறுத்தார்கள். இன்னொன்றை இறக்கித் தோட்டாவை வைத்துவிட்டு மேலே எடுத்தார்கள். அவரே பொத்தானை அழுத்தினார். உள்ளே கிடந்தது தூள் தூளாகப் போயிற்று. ஒரு தகரத் துண்டு நான் நின்ற இடம் வரைக்கும் வந்து விழுந்தது. ஒருவரும் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கை கழுவிக்கொண்டு சோற்றுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். நான்தான் பரிமாறாமல் கரண்டியோடு நின்றேன். ஐந்து வருசமாக நான் சாமியிடம் கேட்டது அந்த நிமிசம்தான். உன்னை அப்படித் திட்டி எழுதினேனே, நீ அதற்கு ஒன்றும் சொல்லாமல் அங்கே உட்கார்ந்து இந்த அவலட்சணத்தை வரைந்து அனுப்பினாயே, நீ நன்றாக இருக்க வேண்டும் சாமி.

இன்று காலை நான் அடுப்புப் பற்ற வைக்கும்போது மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நெஞ்சுக்குள்ள ஒண்ணுமே ஆகல பாரு சௌந்திரம். அதுதான் ஒரு மாதிரியா இருக்குது" என்றார். ஆகாமல் இருப்பது நல்லதுதானுங்களே என்றேன். தலையை ஆட்டினார். அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு, "மாப்ளைக்கு எழுது. ரெண்டுதான் மிச்சம் இருக்குது. இன்னொண்ணு செய்யோணும், வரச் சொல்லு" என்றார்.

படம்தான் சின்னண்ணனிடம் இருக்கிறதே, அவனே செய்துவிட மாட்டானா என்று கேட்டேன்.

"செய்வான். நல்லாவே செய்வான்," என்றார். "நீ மாப்ளைய வரச் சொல்லு."

அக்கா,
சௌந்திரம்